மொச்சை போட்டவள்

“நேற்று மொச்சை சாப்பிட்டீர்களா?”

இடுப்பிலிருந்து குரல் வந்தது. சுவேதா கண்ணாடி முன்னால் நின்று உள்பாவாடை நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். போன மாதம் வரை முடிச்சுப் போட்ட பிறகும் ஒரு சாண் தொங்கிய நாடா அது. இன்றைக்கு முடிச்சுக்கே எட்டவில்லை.

“சாப்பிடல. நேத்தும் சாப்பிடல, முந்தாநாளும் சாப்பிடல. பத்தொம்பது நாளா நீயும் இதையே கேக்க, நானும் இதையே சொல்லுதேன்.”

“நினைவு தவறியிருக்கலாம். காரணம்: உணவு. உங்கள் நிலை: வெள்ளை. இனிய நாள்.”

“பெரிய இனிய நாள்!” என்று இடுப்பைப் பார்த்தே திட்டினாள். அப்படித் திட்டும்போதுகூட அடிவயிற்றில் அந்த மந்தமான வலி கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் எல்லாரும் அரைநாண் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்து முப்பது வருஷம் ஆகிறது. ஒரு விரல் அகலத்தில் வெள்ளி நிறப் பட்டை. வயிற்றின் சுற்றளவை நூலிழை பிசகாமல் அளக்கும். குடல் இரைவதைக் கேட்கும். சாப்பாட்டில் எத்தனையாவது வாயில் கை நின்றது, ஒன்றுக்குப் போக எத்தனை தடவை எழுந்தாள் என்பதையெல்லாம் எண்ணும். எண்ணியதை அகச்செவிக்கு அனுப்பும். அகச்செவி என்பது ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் வயிற்றிலும் காது வைத்திருக்கிற ஒரே எந்திர மூளை.

சினைப்பைப் புற்றுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். அந்தப் பாழாய்ப்போன நோய் சத்தமில்லாமல் வரும் என்று அந்தக் காலத்தில் சொல்லிக்கொண்டார்கள். சுத்தப் பொய். முணுமுணுத்துக்கொண்டேதான் வரும். வயிறு உப்பும். இரண்டு வாயில் நிறைந்துவிடும். அடிவயிறோ நடுமுதுகோ வலிக்கும். போய்விட்டு வந்து உட்கார்ந்த உடனே மறுபடி முட்டும். ஓயாத அசதி. இதில் ஒன்றாவது இல்லாத பொம்பளை ஊரில் யார் இருக்கிறாள்? அதனால்தான் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்போதாவது வந்து போனால் வாயு. இதுவரை இல்லாமல் புதிதாக வந்து, மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் உட்கார்ந்துகொண்டால் என்னவென்று பார்த்தே ஆக வேண்டும். பெண்கள் பார்க்கவில்லை, அகச்செவி பார்த்தது. முதல் ஐந்து வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேரை எமன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். நம் ஆட்கள் விடுவார்களா? இந்த நோய் சில குடும்பங்களில் ரத்தவழி வரும், தாய்க்கோ தாயோடு பிறந்தவளுக்கோ இருந்தால் மகளுக்கும் ஆபத்து கூடுதல் என்று தெரிந்தது. உடனே கல்யாணத் தரகர்கள் தாயின் அரைநாண் பதிவைக் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு உடற்சாதகம் என்று பெயரும் வைத்தாயிற்று. வெள்ளை என்றால் பொருத்தம். சிவப்பு விழுந்தால் பெண் கடைசி வரை வீட்டில்தான். சில வருஷத்தில் பெண் வீட்டாரும் சளைக்காமல் மாமியார் சாதகத்தைக் கேட்டார்கள், சீக்காளி மாமியாருக்கு எங்கள் பிள்ளை கஞ்சி ஊற்றவா என்று.

இரண்டுக்கும் நடுவில் மஞ்சள் என்று ஒன்று உண்டு. அகச்செவிக்குச் சந்தேகம் வந்தால் மஞ்சள் போடும். அப்போது ஒரு மனுஷி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசி, சிவப்பா வெள்ளையா என்று முடிவு சொல்ல வேண்டும். அந்த மனுஷிக்கு உறுதியாளர் என்று பெயர். தூத்துக்குடி மாவட்டத்துக்கு இரண்டே இரண்டு உறுதியாளர்கள். ஒருத்தி மெர்லின். இன்னொருத்தி, பதினொரு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நம் சுவேதாதான்.

அந்த வேலையின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிர்முனையில் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். “வயிறு உப்புசமா இருக்காக்கா?” என்று கேட்பாள். “ஐயோ, அதெல்லாம் இல்லம்மா, நேத்து மொச்சை தின்னேன்” என்று பதில் வரும். பிறகு குரல் இறங்கும். மகளுக்கு வரன் பார்க்கிறோம் என்பார்கள். சிலர் அழுவார்கள். சுவேதாவுக்கும் மகள் இருக்கிறாள், மனசு கேட்குமா? ‘உணவுக் காரணம்’ என்ற பொத்தானை அழுத்திவிடுவாள். மஞ்சள் மறைந்து வெள்ளை ஆகும். நிலையத்தில் அதற்கு ‘மொச்சை போடுறது’ என்றே பேர். கல்யாணம் முடிந்ததும் போய்க் காட்டிக்கொள்வார்கள் என்று நினைப்பாள். காட்டினார்களா என்று திரும்பக் கேட்டதில்லை.

தனக்கு வந்தால்தானே தெரியும் தலைவலியும் காய்ச்சலும்!

சுவேதாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. மாதவிலக்கு நின்றதே போன வருஷம்தான். ஒரே பிள்ளை, அதுவும் முப்பத்தைந்து நெருங்கும்போது. வயது, தள்ளிப்போன நிற்றல், குறைந்த பிள்ளைப்பேறு என்று அகச்செவியின் கேள்வித்தாளில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஒரே ஒரு கட்டத்தில்தான் பெரிய பூஜ்யம் இருந்தது. ‘குடும்பத்தில் யாருக்காவது?’ என்ற கட்டம். சுவேதாவின் பெரியம்மா, அதாவது அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, காமாலையில் இறந்ததாக அவளுடைய அம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். சுவேதாவின் கல்யாணத்துக்காக எழுதியது. காமாலையாவது ஒன்றாவது! கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் நிறைமாதக்காரிபோல் நீர்கோத்துப் போய், பெரியம்மா படுத்திருந்த கட்டிலைச் சுவேதா பார்த்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயை ஒரு கட்டத்துக்குள் மறைத்திருந்தார்கள்.

போன வாரம் ஒரு டாக்டரிடமும் போனாள். அவர் மேசையிலிருந்த கணினிப் பலகையில் அவள் பதிவைப் பார்த்தார். “வெள்ளையா இருக்கீங்களேம்மா. சிவப்பு விழுந்தாத்தான் வயித்துக்குள்ள படம் பிடிக்கிற ஊடுகாட்டி திறக்கும். என் கையில ஒண்ணுமில்ல.”

“வயித்தத் தொட்டாவது பாருங்க சார்.”

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “தொட்டுப் பாக்குற பழக்கம் போயி ரொம்ப நாளாச்சும்மா,” என்றார். அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

உறுதியாளர் தன் பதிவைத் தானே தொட முடியாது. ஆக, சுவேதாவுக்குச் சிவப்பு போடக்கூடிய கை மெர்லினுடையது மட்டும்தான். அதைக் கேட்டுவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் அன்று நிலையத்துக்குப் போனாள். மெர்லின் வர இன்னும் நேரம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அகச்செவியையே கேட்டாள்.

“எனக்கு ஏன் வெள்ளை போடுத?”

“உங்கள் குறிகளை ஒத்த மூவாயிரத்து ஏழு பேர் இந்த வட்டாரத்தில் இருந்தார்கள். அனைவருக்கும் உணவே காரணம் என்று உறுதியாயிற்று. எனவே உங்களுக்கும் உணவே காரணம்.”

“யாரு உறுதி பண்ணுனது?”

“நீங்கள்.”

எந்திரம் பொய் சொல்லவில்லை. அவள் கற்றுக்கொடுத்ததை, நல்ல பிள்ளையாக, ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்தது.

“அந்த மூவாயிரம் பேரும் இப்ப எப்பிடி இருக்காங்க?”

“இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினொரு பேர் வெள்ளை. நூற்றுத் தொண்ணூற்றாறு பேர் நாண் கழற்றப்பட்டவர்கள்.”

“ஏன் கழத்துனாங்க?”

“காரணம் பதிவில் இல்லை. நாண் கழற்றியவர்களிடம் நான் கேள்வி கேட்பதில்லை.”

உயிரோடு இருக்கிற எவளும் நாணைக் கழற்ற மாட்டாள். குளிக்கும்போதும் அது இடுப்பிலேயே கிடக்கும். செத்த பிறகு, நீர்மாலைக்குக் குளிப்பாட்டும்போதுதான் சொந்தக்காரப் பெண்கள் அவிழ்த்து ஓரமாக வைப்பார்கள். நூற்றுத் தொண்ணூற்றாறு குளிப்பாட்டு! மூவாயிரத்தில் பெரும்பாலோருக்கு உண்மையிலேயே வாயுவாகத்தான் இருந்திருக்கும். மிச்சப் பேருக்கு? சுவேதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகை நின்றபோது மெர்லின் பக்கத்தில் நின்று தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தாள்.

“மெர்லின், எனக்குச் சிவப்பு போடு.”

மெர்லின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “யக்கா, உங்களுக்கு மஞ்சள் விழுந்து ஆறு நாளாச்சு. நான்தான் பாத்தேன். பாத்த உடனே மொச்சை போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை வடிவுக்குப் பூ வைக்க வாராங்க, இந்த நேரத்துல அக்காவுக்கு இப்பிடி ஆகலாமான்னு ஏசுகிட்ட ஜெபம்கூட பண்ணுனேன்.”

“என்னைக் கேக்காமலா போட்ட?”

“நீங்க யாரைக் கேட்டுப் போட்டீங்க?” என்றாள் மெர்லின். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னாள். “கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டரை மாசம்தான். தாலி ஏறுன மறுநாள் நானே போடுதேன். ஏற்கெனவே மூணு வரன் தட்டிப்போன பிள்ளை. பொறுத்துக்கோங்கக்கா.”

வடிவு சுவேதாவின் ஒரே மகள், இருபது வயதாகிறது. படிப்பை முடித்த கையோடு ஆரம்பித்த வரன்வேட்டையில் மூன்று பேர், சாதகம் வெள்ளையாக இருந்தும், பெரியம்மா சாவைப் பற்றிய ஊர்ப்பேச்சைக் கேட்டே ஓடியிருந்தார்கள். இப்போது வந்திருக்கிற கோவில்பட்டி மாப்பிள்ளை சுடலைமுத்துவை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனோடு பேசிவிட்டு வந்து சமையலறையில் சும்மாவே சிரித்துக்கொண்டு நிற்பாள். (வடிவு, சுடலைமுத்து என்ற பேரெல்லாம் இப்போது மறுபடி மோஸ்தர். சுவேதா, நிவேதா என்றால் கிழவிப் பேர்.) அந்தச் சிரிப்பைப் பிடுங்குவதா? சுவேதா வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நோய்க்கு ரெண்டரை மாசம் என்பது எவ்வளவு பெரிய தூரம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய் நிவேதா தடித்த பட்டுச் சேலையும் அகலமான சிரிப்புமாக முதலில் நுழைந்தாள். அதுவரை ஆண்கள்தான் பேசியிருந்தார்கள், அவள் குரலைச் சுவேதா கேட்பது அன்றுதான் முதல் தடவை.

“எங்க தாயி எங்க மருமக?” என்றாள் நிவேதா.

எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று சுவேதாவுக்குத் தோன்றியது. யோசிக்க நேரமில்லை. தட்டு மாற்றுவதற்கு முன் உடற்சாதகம் பார்ப்பார்கள். சுவேதாவின் கணவர் தருண் பலகையை எடுத்துச் சபையில் வைத்தார். வெள்ளை. நிவேதா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “பால் மாதிரி இருக்கு,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். விருந்துக்கு வந்திருந்த மெர்லின் மட்டும் தன் தட்டிலிருந்த கேசரியைக் கிளறிக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

“பெரியம்மா ஒருத்தங்க தவறிட்டாங்களாமே?” என்று நிவேதா கேட்டாள்.

“காமாலை,” என்றார் தருண்.

அப்போது வடிவு காப்பித் தட்டோடு வந்தாள். தலை நிறையப் பிச்சிப்பூ. குனிந்து நீட்டும்போது இடுப்புச் சேலை லேசாக விலகியது. அந்த இடுப்பில் இன்னும் நாண் ஏறவில்லை. இன்னும் பதினைந்து வருஷம் கழித்து ஏறும். ஏறினதும் அகச்செவி கேட்கும், குடும்பத்தில் யாருக்காவது? வடிவு என்ன எழுதுவாள்? ‘இல்லை’ என்று எழுதுவாள். அம்மா வெள்ளை, பெரிய பாட்டிக்குக் காமாலை. தன் அம்மா தனக்குச் செய்ததையே தானும் மகளுக்குச் செய்துகொண்டிருப்பது சுவேதாவுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

“நேற்று மொச்சை சாப்பிட்டீர்களா?” என்று அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி நாண் மெல்லக் கேட்டது. கேசரியை இரண்டே வாயோடு நிறுத்தியதைப் பார்த்துவிட்டிருந்தது.

“இல்ல!” என்று சுவேதா சத்தமாகவே சொன்னாள். கூடம் திரும்பிப் பார்த்தது.

“காமாலை இல்ல. எங்க பெரியம்மாவுக்குச் சினைப்பையில கட்டி. நான் கண்ணால பாத்தேன். எனக்கும் இருபத்துமூணு நாளா வயிறு உப்பிக் கிடக்கு, வலிக்கு, ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. அந்த வெள்ளை பொய்.”

“ஏ சுவேதா, உனக்கென்ன கிறுக்கா?” தருண் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

“விடுங்க. மெர்லின், நேர்ல பாத்துட்டேல்ல? போடு.”

மெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. “யக்கா, பிள்ளை வாழ்க்கை...”

“பிள்ளை வாழ்க்கைக்குத்தான் சொல்லுதேன். போடுட்டி!”

எதிரில் இருக்கிற பெண்ணைக் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல உறுதியாளருக்குத் தனிப் பொத்தான் உண்டு. மெர்லின் கைப்பலகையை எடுத்து அந்தப் பொத்தானை அழுத்தினாள். சபையில் கிடந்த சாதகம் எல்லார் கண் முன்னாலும் சிவந்தது. ‘நாளை காலை ஒன்பது மணி, ஊடுகாட்டி அறை இரண்டு’ என்று எழுத்து ஓடியது.

நிவேதா விருட்டென்று எழுந்தாள். “என்னங்க இது அநியாயம்! வியாதிக் குடும்பத்த எங்க தலையில கட்டப் பாத்தீங்களா? எந்திரி முத்து!”

சுடலைமுத்து எழுந்திருக்கவில்லை. வடிவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வடிவோ காப்பித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “ஏம்மா என்கிட்ட சொல்லல? ஏம்மா சொல்லல?” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அகச்செவிக்கு இந்தக் கலவரமெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான், பாடம். பலகையிலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி அது பேசியது. “பதினொரு ஆண்டுகளில் இந்தக் குறிகளுக்கு விழுந்த முதல் சிவப்பு இது. உறுதியாளர் சுவேதா, இதே குறிகளுக்கு நீங்கள் கொடுத்த மூவாயிரத்து ஏழு உறுதிகள் சரியானவையா?”

அவள் மேல் வழக்கு வரலாம். ஊரே காறித் துப்பலாம். நாளை காலை எத்தனை வீட்டில் தட்டு மாற்றல் நிற்குமோ! சுவேதா ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். நூற்றுத் தொண்ணூற்றாறு நாண்கள் ஓரமாகக் கிடந்தன.

“சரியில்ல,” என்றாள். “அம்புட்டும் மொச்சை. எல்லாத்தையும் திற.”

“ஏற்கப்பட்டது.”

வாசல்வரை போய்விட்ட நிவேதா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். சட்டென்று நின்றாள். அவள் கை தானாகப் பட்டுச் சேலையின் மடிப்புக்குள் போய் இடுப்பை அமுக்கியது. அமுக்கியும் சத்தம் அடங்கவில்லை. பழைய பதிவு மறுபடி திறந்துகொண்ட நாண் வண்டு மாதிரி ரீங்கரித்தது. அவளுக்குப் பின்னால் வந்த சொந்தக்காரப் பெண்களில் இன்னும் இரண்டு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. நிவேதாவின் முகத்திலிருந்து அகலச் சிரிப்பும் கோபமும் ஒன்றாகப் போயிருந்தன. மனப்பாடமான வாய், யாரும் கேட்காமலே சொன்னது.

“ஒண்ணுமில்ல தாயி. மொச்சை தின்னேன்.”

இப்போது சுவேதாவுக்கு நினைவு வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். பெயர் தெரியாத ஒரு எண். ‘ஒண்ணுமில்ல தாயி, மொச்சை தின்னேன். பையனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம், பாத்துப் போடு தாயி.’ பார்த்துத்தான் போட்டாள். மூன்று மாதம்!

வடிவின் கையை விலக்கிவிட்டுச் சுவேதா வாசலுக்குப் போனாள். குனிந்து, சம்பந்தியின் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தாள்.

“மதினி,” என்றாள், “இன்னைக்கு எங்க வீட்டுப் பந்தியில மொச்சையே கிடையாது.”